அலுவலக மின்னஞ்சலின் நகல் இனி யாருக்குச் செல்லும்

சாட்ஸ்வர்த், டர்பன்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் அலுவலக முகவரிக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சல்களை இதுநாள்வரை செயலாளர் ஒருவரே திறந்து படித்துவந்தார். அடுத்த பருவத்தின் முதல் சனிக்கிழமை தொடங்கி, அவற்றின் நகல் துணைத் தலைமையாசிரியருக்கும் தானாகவே சென்று சேரும். உங்கள் பிள்ளையைப் பற்றிய செய்தியை இன்னொருவரும் படிக்கப்போகிறார் என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

சென்ற புரட்டாசியில் செயலாளர் விடுப்பில் இருந்தபோது, வரும் கடிதங்களை ஓர் ஆசிரியரின் சொந்த முகவரிக்குத் திருப்பிவிட்டோம். மூலப்படியை நம் பெட்டியில் தங்கவைக்கும் ஏற்பாட்டைச் செய்யத் தவறினோம். தம் மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாயார் எழுதிய கடிதம் அலுவலகப் பெட்டியில் இல்லை. மூன்று வாரம் கழித்து அந்த ஆசிரியரின் குப்பை அஞ்சல் அடுக்கில் கிடைத்தது. இடையில் ஒரு சனிக்கிழமை பூஜைக்குப் பின் வகுப்பில் வேர்க்கடலைச் சுண்டல் கொடுத்தோம். பையன் தானே வேண்டாமென்று கிண்ணத்தைத் தள்ளி வைத்ததால் தப்பித்தோம். பிழை முழுவதும் எங்களுடையது.

கடிதம் குப்பைக்குப் போனதற்கும் காரணம் உண்டு. தன் பெயரில் எந்தச் சேவையகங்கள் அஞ்சல் அனுப்பலாம் என்று ஒவ்வொரு களமும் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பெயர்) வெளியிட்டு வைக்கும் பட்டியலை எஸ்.பி.எஃப். என்கிறார்கள். நீங்கள் அனுப்பியதை நம் சேவையகம் மறுபடி வெளியே அனுப்பும்போது, உறையில் அனுப்பியவராக உங்கள் முகவரியும் வந்த வழியில் நம் சேவையகத்தின் இணைய எண்ணும் இருக்கின்றன. அந்த எண் உங்கள் களத்தின் பட்டியலில் இல்லாததால், பெறுகிற இடம் அதைப் போலியோ என்று ஐயுறுகிறது. அனுப்பும் களம் கடிதத்தில் இடும் டி.கே.ஐ.எம். என்ற மின்னணுக் கையொப்பம் இருந்து, உள்ளடக்கமும் மாறாதிருந்தால் கடிதம் பிழைக்கலாம். ஆனால் எல்லாக் கடிதங்களிலும் அக்கையொப்பம் இருப்பதில்லை.

ஆகவே இம்முறை நகல் வெளியே போகாது. நம் சேவையகத்தில் அஞ்சல்களைக் கையாளும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில், குறிப்பிட்ட ஒரு முகவரிக்கு வருவதை மட்டும் நகலெடுக்கும் வசதி உண்டு. மூலப்படி அலுவலகப் பெட்டியிலேயே இருக்க, நகல் அதே சேவையகத்திலுள்ள துணைத் தலைமையாசிரியர் பெட்டியில் விழும். வருவது போவது அனைத்தையும் நகலெடுக்கும் வசதியும் அதில் இருக்கிறது. ஆசிரியர்களின் தனிக் கடிதங்களும் அதில் சிக்கும் என்பதால் அதை நான் ஏற்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டமாகிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தகவலுக்குத் தனிக் கவனம் கோருகிறது. எனவே உடல்நலம், குடும்பச் சூழல், நீதிமன்ற ஆணை ஆகியவை பற்றி என் முகவரிக்கே எழுதுங்கள். அதற்கு நகல் எடுக்கப்படாது. அலுவலக முகவரிக்கான இந்த ஏற்பாட்டை விரும்பாதவர்களும் அவ்வாறே எழுதலாம், அல்லது தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம்.

இணைத்துள்ள இசைவுச் சீட்டை இப்பருவத்தின் கடைசிச் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். ஆங்கிலப் படியும் உடன் வருகிறது; ஆயினும் தமிழ்ப் படியைப் பிள்ளைகளிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னால் மகிழ்வேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்