பழைய வீடுகளை முதியோர் இல்லமாக்கும் செட்டிநாட்டு அறக்கட்டளையினருக்கு

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டை முதியோருக்கென்று திறந்துவிட நினைப்பது பெரிய மனசு. பெயின்டும் ஏசியும் பிறகு ஆகட்டும். முதலில் இரவுப் பணிக்குப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், தினமும் வந்துபோக ஒரு பிசியோதெரபிஸ்ட், இந்த இரண்டு சம்பளத்தையும் ஒதுக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இரவு நர்ஸ் ஏன் என்றால், இரவில் கவனிக்காமல் விட்டால் படுக்கைப்புண் பிடித்துவிடும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இரவு 10 மணிக்குப் புரட்டிவிட்டு ஆயா தூங்கிவிட்டால், 12, 2, 4 மணிக்கு யார் புரட்டுவது? நம்மவர் நிறத்தில் தோல் சிவப்பது எளிதில் கண்ணுக்குத் தெரியாது. வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாகவோ கெட்டியாகவோ பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ இருந்தால் அதுதான் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது, உள்ளே இருக்கும் சதை இன்னும் நசுங்கும். காற்றடைத்த வளையத்தில் உட்காரவைப்பதும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள்.

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வரும் ஆச்சிக்கு, அந்தக் காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். அது தெரியாமல், பயந்துபோய்ப் படுக்கவே வைத்துவிடுகிறார்கள்; தொடைச் சதை கரைந்துபோகிறது. மூட்டு மாற்றியிருந்தால் டாக்டர் சொல்லும்வரை கீழே சம்மணம் போட்டு உட்காரக் கூடாது. வாக்கர் ஆளுக்கு ஒன்று. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ, கைப்பிடி அந்த உயரம்.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆத்தங்குடித் தரைக்கல் ஈரத்தில் வழுக்கும், எண்ணெய் சிந்தினால் இன்னும் மோசம். குளியலறையில் சொரசொரப்பான கல்லே போடுங்கள். நிலைப்படியில் வாக்கர் கால் இடிக்கும், பக்கவாதம் வந்தவரின் பாதமும் தட்டும். முகப்பு இரண்டடி உயரமென்றால் சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று பத்தடியில் முடித்தால் சக்கர நாற்காலி தள்ளுகிறவர் கையை மீறி இறங்கிவிடும். முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவரில் கைப்பிடிக் கம்பியைப் பூச்சோடு திருகிவிட்டுப் போகிறார்கள். ஆள் சாய்ந்ததும் பெயர்ந்து வருகிறது. செங்கல் வரை துளைத்துப் பதியுங்கள், இல்லாவிட்டால் தரையில் தூண் நட்டுப் பொருத்துங்கள்.

வாதம் வந்த அய்யாவை எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும். இடுப்பில் அகலப் பட்டை கட்டிப் பிடியுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தண்ணீரும் ரசமும்தான் ஆபத்து, அவை சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கெட்டியான கஞ்சியைச் சின்னக் கரண்டியால், நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் படுக்கவிடாமல் இருங்கள். எந்தப் பதம் சரி என்பதை விழுங்குதல் பயிற்சியாளரோ டாக்டரோ பார்த்துச் சொல்லட்டும்.

திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்கும் முன், வாக்கரைப் பிடித்துக்கொண்டு முகப்பிலிருந்து வீட்டின் பின்னால் மூன்றாங்கட்டில் உள்ள கழிப்பறை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். கூப்பிட்டால் அளவு நாடாவோடு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டை வட்டாரச் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள்