அந்த மூன்று மில்லிமீட்டர்: எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கமிட்டி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன், கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவன். நுரையீரல் புற்றுநோய்க்கான புது மருந்தைப் பழைய மருந்தோடு ஒப்பிடும் உங்கள் மருத்துவமனையின் டிரையலில், பழைய மருந்துப் பிரிவில் இருந்த என் சின்னம்மாவை, கட்டி வளர்ந்துவிட்டது என்று போன மாதம் டிரையலிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இது என் மூன்றாவது மனு. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை.

எட்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு ராயக்கோட்டை, ஓசூர் வழியாக பெங்களூரு வருவோம். ஊசி போட நரம்பு கிடைக்காமல் இரண்டு கையும் கன்றிப்போகும். அப்படி எடுத்த படத்தில் கட்டிகளின் கூட்டு அளவு 42 மி.மீ.யிலிருந்து 51 ஆகிவிட்டதாம். கட்டி வளர்ந்ததா என்று முடிவு செய்யும் ரெசிஸ்ட் விதி உங்களுக்குத் தெரியும்: இருந்ததிலேயே குறைந்த அளவைவிட 20 சதவீதம் கூட வேண்டும், அதுவும் 5 மி.மீ.க்குக் குறையாமல். அதே சிடிக்களை, எந்த மருந்து என்று சொல்லாமல், தர்மபுரியில் ஒரு ஸ்கேன் டாக்டரிடம் கொடுத்தேன். முந்தைய படம் அவருக்கும் 42தான். புதியது 48. அதாவது 14 சதவீதம். நடுவில் இருப்பது மூன்று மில்லிமீட்டர், இரண்டு கேழ்வரகு மணி.

அளந்தவரைக் குறை சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஆனால் யாருக்கு எந்த மருந்து என்று தெரிந்தே அளக்கிற டிரையல் இது. சந்தேகம் வந்தால் பழைய மருந்துக்காரருக்கு ‘வளர்ச்சி’, புது மருந்துக்காரருக்கு ‘அடுத்த ஸ்கேனில் பார்ப்போம்’ என்று கை சாய்ந்தால், புது மருந்து உட்கார்ந்த இடத்திலேயே ஜெயித்துவிடும்.

பின்னால் வெளி நிபுணர் பார்ப்பார் என்கிறார்கள். எதைப் பார்ப்பார்? இங்கே ‘வளர்ச்சி’ என்று எழுதியதுமே ஸ்கேன் நின்றுவிடுகிறது. அவர் ‘வளர்ச்சி இல்லை’ என்று சொன்னாலும், அடுத்த படம் இல்லாத சின்னம்மாவின் கணக்கு பாதியில் அறுந்ததாகத்தான் பதிவாகும்.

கேட்பது ஒன்றுதான். இரண்டு பிரிவிலிருந்தும் குலுக்கலில் சிலரை எடுத்து, அவர்கள் படங்களை மருந்து தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். இங்கே ‘வளர்ச்சி’ என்றவர்களில் எத்தனை பேருக்கு அவர் பிந்திச் சொன்னார், அல்லது சொல்லவே இல்லை? அந்த விகிதத்தைப் பிரிவு வாரியாகப் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். பழைய மருந்துப் பக்கம் அதிகமாக வந்தால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

எல்லாப் படத்தையும் படிக்கச் செலவாகும் என்பீர்கள். மாதிரித் தணிக்கை போதுமா என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் புற்றுநோய் மருந்து ஆலோசனைக் குழு 2012லேயே கூடிப் பேசிவிட்டது. டீ, பிஸ்கட் பில்லுக்கே ஆடிட் நடக்கும் நாட்டில் இதற்கு மட்டும் ஆள் இல்லையா?

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்தப் படங்களை மருந்தை மறைத்துப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். சின்னம்மாவின் பிலிம், சிடி எல்லாம் மஞ்சப்பையில் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. சொன்னால் முதல் பஸ்ஸில் கொண்டு வருகிறேன்.