ஃப்ளெக்ஸ்ல இருக்கறது அவன் இல்ல தம்பிங்களா: நம்ம ஊரு இளைஞர் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்றத்து தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நேவில வேலை பாத்து செத்துப்போன என் கூட்டாளியோட நினைவு நாளுக்கு பஸ் ஸ்டாப்ல நீங்க கட்டின ஃப்ளெக்ஸ் பாத்தேன். கைக்காசு போட்டு பண்ணிருக்கீங்க, அதுல குறை சொல்ல வரல, உங்க வயசுல நாங்க கிரிக்கெட் டோர்னமெண்ட் தவிர எதுக்கும் வசூல் பண்ணதே இல்ல. ஆனா அவங்கம்மா தேன்கனிக்கோட்டை பஸ்ஸுக்கு நின்னுனு இருந்தவங்க ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு எங்கிட்ட கேட்டாங்க, "இது யாருப்பா, எலெக்‌ஷன்ல நிக்கிறாரா?" அவங்களுக்கு படிக்கத் தெரியாது. எனக்கு பதில் சொல்ல வாய் வரல, பஸ் வருதும்மான்னு சொல்லிட்டு நகந்துட்டேன்.

யாரோ ஒரு ஃபைட்டர் பைலட் ஒடம்புல அவன் மூஞ்ச ஒட்டி, பின்னாடி ஏர்ஃபோர்ஸ் ரஃபேல பறக்க விட்டு, மேல 'கேப்டன்'னு போட்டிருக்கீங்க. அவன் நேவிப்பா. லெப்டினன்ட் கமாண்டர். ஆர்மி கணக்குல மேஜர் மாதிரி. நேவி கேப்டன்னா அதுக்கு ரெண்டு படி மேல, ஆர்மி கேப்டன்னா ஒரு படி கீழ, எப்டி பாத்தாலும் தப்பு.

அதவிட, அவன் பைலட்டே இல்ல, அப்சர்வர். ஓட்றவங்க முன்னாடி உக்காருவாங்க, இவன் பின்னாடி ரேடார் ஸ்க்ரீன் முன்ன உக்காந்து கீழ கடல்ல என்ன போவுது, எந்தப் பக்கம் போவுது, மீன்புடி படகா வேற ஏதாவதான்னு பாக்கணும், வழி சொல்லணும், ரேடியோ பேசணும். அப்சர்வருக்கும் நெஞ்சுல விங்ஸ் பேட்ஜ் உண்டு. அவன் போனது டோர்னியர், ரெண்டு ப்ரொபெல்லர் வெச்ச சின்ன ப்ளேன், கான்பூர்ல ஹெச்ஏஎல்ங்கற அரசு விமான கம்பெனி செய்றது. ஃப்ளெக்ஸ்ல போட்டா கெத்தா இருக்காது, அது எனக்கும் தெரியும்.

இந்த வேலைய அவன் கொச்சில நேவி ட்ரெயினிங்ல கத்துக்கலன்னு தான் நான் சொல்லுவேன். கார்த்திகை மார்கழில கர்நாடகா காட்ல இருந்து யானை எறங்கி ராகி கொல்லைக்கு வரும்ல, அப்ப அவங்க தாத்தாவோட பரண்ல காவல் இருப்பான், நானும் வெட்டியா கூட போவேன், கல்லக்கா உரிச்சுனு. ஒரு நாள் நைட்டு டார்ச்சு கூட அடிக்காம, "தாத்தா, புளியமரத்து நிழல் தடிச்சிருக்கு"ன்னான். எனக்கு ஒரு மண்ணும் தெரியல. கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் கிளை ஒடியற சத்தம் கேட்டுச்சு. வேலைக்குப் போனப்புறம் கேட்டா, "அதே பரண் தாண்டா, கொஞ்சம் ஒசரம் ஜாஸ்தி"ம்பான்.

கடலே இல்லாத மாவட்டத்துக்காரன், சுரைக்குடுக்கை கட்டினு கெணத்துல நீச்சல் பழகினவன். கொச்சில ஹெலிகாப்டர் கூடு மாதிரி ஒண்ணுல பெல்ட் போட்டு உக்கார வெச்சு, தண்ணிக்குள்ள எறக்கி தலைகீழா திருப்பி விட்ருவாங்களாம், தானா அவுத்துனு வெளிய வரணும். எங்க சித்தப்பா கெணத்துல தள்ளி விட்டதுக்கு இது தேவலன்னு சிரிச்சான்.

2015 மார்ச் 24ல கோவா பக்கம் நேவி டோர்னியர் ஒண்ணு கடல்ல விழுந்து கிரண் ஷெகாவத்னு ஒரு பொண்ணு, லெப்டினன்ட், செத்துப்போச்சு, பணில உயிர விட்ட முதல் நேவி பெண் அதிகாரி, அதுவும் அப்சர்வர் தான். நியூஸ் பாத்துட்டு பயந்து போன் பண்ணேன். அவன் ரொம்ப நேரம் பேசல. அப்றம், "ஜனவரில தான் டெல்லி பரேட்ல நடந்தாங்கடா"ன்னான். அவ்ளோதான், வெச்சுட்டான்.

கடைசியா ஒண்ணு. கீழ 'எதிரிகளை வீழ்த்தி வீரமரணம்'னு எழுதிருக்கீங்க. எந்த எதிரியும் இல்ல, நைட்டு பயிற்சிக்குப் போன ப்ளேன் கடல்ல விழுந்துச்சு. சின்ன வயசுல மாங்கா திருட்டு பஞ்சாயத்து ஒண்ணு வந்துச்சு, உங்கப்பாங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேலி தாண்டினவன் யாருன்னு ஊருக்கே தெரியும், இவன் ஒரு வார்த்தை ஆமான்னா முடிஞ்சுது. "கால தான் பாத்தேன், மூஞ்சிய பாக்கல"ன்னு அதையே சொல்லினு இருந்தான், அவங்கப்பா அத்தன பேரு முன்னாடி அறைஞ்சும் மாத்தல. அவன் பேர்ல போய் இத எழுதிட்டீங்களேப்பா.

அத அவுத்துடுங்க. புதுசு அடிக்கற காசு நான் தரேன். போட்டோ எங்கிட்ட இருக்கு, வெள்ள யூனிஃபார்ம்ல வெயிலுக்கு கண்ண சுருக்கினு நிப்பான், அவங்கம்மா பாத்தா ஒடனே தெரியும். ஸ்கூல் பசங்கள சல்யூட் அடிக்க வெக்கறதா சொன்னாங்க, நேவி சல்யூட்ல உள்ளங்கை கீழ பாத்து இருக்கும், ஆர்மி மாதிரி வெளிய தெரியாது. ஞாயித்துக்கெழம எனக்கு ஓசூர்ல ஷிப்ட் இல்ல, போட்டோவ எடுத்துனு மன்றத்துக்கு வரேன், அப்பவே காட்டுறேன்.

உங்க அண்ணன்,
அவன் கூட பரண்ல கல்லக்கா உரிச்சவன்