என் பரீட்சை தவறியதற்கு யார் பதில் சொல்வது? அனுசரணை மாணவி ஒருத்தியின் புகார்

மாணவர் சேவைப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து மாதங்களில் நான் உங்களுக்கு எழுதும் ஒன்பதாவது கடிதம் இது. முதல் எட்டும் மின்னஞ்சல். எட்டுக்கும் வந்த பதில் ஒன்றுதான்: "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது." அதனால்தான் இந்த முறை பதிவுத் தபால். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதியில் நீங்கள் கட்டிய பதாகை தமிழில்தான் இருந்தது. "வேலை செய்துகொண்டே பட்டம், கட்டணத்தை உங்கள் நிறுவனமே செலுத்தும்" என்று அதில் போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் சேர்ந்தேன்.

என் கோப்பு உங்களிடம் இருக்கிறது, அதனால் பழைய கதை முழுவதையும் எழுதவில்லை. கட்டணத்தை என் நிறுவனம் கட்டும் என்ற அனுசரணைக் கடிதத்தைப் பதிவு செய்த அன்றே தந்துவிட்டேன். இன்வொய்ஸ் நிறுவனத்தின் பெயருக்கு வரவேண்டும், பீ.ஓ. இலக்கம் (நிறுவனத்தின் கொள்வனவுக் கட்டளை இலக்கம்) இருக்க வேண்டும், கிடைத்து 30 நாளுக்குள் காசு கட்டப்படும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. முதல் இரண்டு செமஸ்டரும் அப்படியே நடந்தது. மூன்றாவதற்கு மட்டும் இன்வொய்ஸை என் பெயருக்கு அடித்தீர்கள். நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். தனியாள் பெயரில் வந்த இன்வொய்ஸுக்கு எந்த நிறுவனமும் காசு விடாது. அன்றைக்கே திருத்தித் தரச் சொல்லி எழுதினேன். திருத்த உங்களுக்கு ஆறு வாரம் தேவைப்பட்டது. அதற்குள், 14ஆம் நாளே, உங்கள் கணினி என் மாணவர் கணக்கைப் பூட்டிவிட்டது. பாடக்குறிப்பும் இல்லை, அசைன்மென்ட் போடவும் வழியில்லை. 30 நாள் தவணைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டு 14 நாளில் பூட்டுகிறீர்கள். இது எப்படிச் சரியாகும்?

உங்கள் ஹொட்லைனில் கேட்டால், என் நிறுவனத்தின் எச்.ஆரிடம் (ஆளணிப் பிரிவிடம்) கேட்கச் சொன்னார்கள். எச்.ஆரில் கேட்டால் சரியான இன்வொய்ஸ் வந்தால் மறுநாளே காசு போகும் என்றார்கள். யாழ்ப்பாணக் கிளையில் இருக்கும் தம்பி பாவம், அவருக்கு அனுசரணைக் கோப்புகளைத் திறக்கவே அனுமதி இல்லையாம். கடைசியில் ஹொட்லைனில் ஒருவர், "நேரில் வாருங்கள், பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறோம்" என்றார்.

அந்தப் பத்து நிமிடத்துக்காக வியாழக்கிழமை இரவு கொழும்புக்குப் பஸ் ஏறினேன். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறங்கி, சித்தி வீட்டில் முகம் கழுவி, எட்டரைக்கு உங்கள் வாசலில் நின்றேன். இரண்டாம் மாடியில் மூன்றாம் மாடிக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாம் மாடியில் கோப்புப் பார்ப்பவர் லீவு என்றார்கள். பிறகு, இல்லை, வருவார், இருங்கள் என்றார்கள். அவர் வந்தபோது மாலை மூன்றேகால். இருந்த இடத்தை விட்டுப் போனால் கூப்பிடுவார்களோ என்று சாப்பிடக்கூடப் போகவில்லை. அவர் என் கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏன் மிஸ் இவ்வளவு டென்ஷன்? உங்க காசா போகுது? கம்பனி காசுதானே. அடுத்த தடவை எக்ஸாம் எழுதுங்க."

கம்பனிக் காசு! அனுசரணைக் கல்வியை விற்கும் நிறுவனத்தில், அதற்கென்றே இருத்தப்பட்ட ஒருவர் சொன்ன வார்த்தை இது. நிறுவனத்துக்கு நான் கையெழுத்திட்ட பொண்டின் (ஒப்பந்தப் பத்திரத்தின்) பிரதி உங்கள் கோப்பிலும் இருக்கிறது, தயவுசெய்து அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். படிப்பு முடிந்த பின்பும் மூன்று வருடம் இதே நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். இடையில் விலகினால் மிச்சக் காலத்துக்கு ஏற்பக் காசைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு செமஸ்டர் தவறினால் அந்தக் கட்டணம் சம்பளத்தில் மாதம் மாதம் கழிக்கப்படும். இதில் எந்தக் காசு என்னுடையது இல்லை? இன்றைக்குக் கட்டுவது நிறுவனம், நாளைக்குப் பிணை நிற்பது நான். என்னுடன் வேலை செய்யும் அண்ணா ஒருவர் முதலில் தானே கட்டிவிட்டு, பாஸ் பண்ணிய பிறகு அலுவலகத்தில் திருப்பி எடுக்கிறார். முழுக் காசையும் முன்னால் கட்ட எனக்கு வசதியில்லை. அதனால்தான் இந்த முறைக்கு வந்தேன்.

அன்றிரவே திரும்பப் பஸ் ஏறி, சனிக்கிழமை காலை நேரே வேலைக்குப் போனேன். பரீட்சை அனுமதி அட்டை வரவேயில்லை. வருடத்துக்கு இரண்டே தடவை நடக்கும் பரீட்சை அது. இவ்வளவு நாள் படிப்பையும் மண்ணாக்கிவிட்டீர்கள்.

சொல்ல மறந்தது ஒன்று. கணக்கைத் திறக்கத் தாமதக் கட்டணம் 18,500 ரூபாய் கட்டச் சொன்னீர்கள், பிறகு திருப்பித் தருவோம் என்றும் சொன்னீர்கள். சீட்டுக் காசை எடுத்துக் கட்டினேன். பற்றுச்சீட்டு என் கையில் இருக்கிறது. காசும் வரவில்லை, கணக்கும் திறக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே, போன வாரம் என் எச்.ஆருக்கு முன்னேற்ற அறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அதில் என் பெயருக்கு நேரே "பரீட்சைக்குத் தோற்றவில்லை" என்று மட்டும் இருக்கிறது. பூட்டியது யார் என்று ஒரு சொல் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். சம்பளக் கழிப்பைத் தொடங்கவா என்றும் கேட்கிறார்கள்.

தயவுசெய்து இதைச் செய்து தாருங்கள். பிழை உங்களுடையது என்று எச்.ஆருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அடுத்த பரீட்சைக்கு மீள்பதிவுக் கட்டணம் இல்லாமல் என்னைச் சேருங்கள். 18,500 ரூபாயையும் கொழும்புப் பயணச் செலவையும் திருப்பித் தாருங்கள். மூன்றாம் மாடி அலுவலர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை நான் விடமாட்டேன்.

14 நாள் தருகிறேன், உங்கள் கணினி எனக்குத் தந்த அதே 14 நாள். அதற்குள் பதில் இல்லையென்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவேன், அவர்களுடைய ஹொட்லைன் 1977. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்துக்கும் இந்தக் கடிதத்தின் பிரதி போகும். என் நிறுவனத்தில் இன்னும் நான்கு பேர் உங்களிடம் சேர விண்ணப்பப் படிவம் வைத்திருக்கிறார்கள், அவர்களிடமும் நடந்ததைச் சொல்வேன். கொக்குவிலிலேயே திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது, சைக்கிளில் போகிற தூரம்.

எனக்குச் சண்டை பிடிக்க விருப்பமில்லை. உங்கள் பாடக்குறிப்புகள் நல்லவை, விரிவுரையாளர்கள் இரவு பத்து மணிக்கும் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள். படிப்பை முடிக்கத்தான் கேட்கிறேன். அனுசரணைக் கடிதம், பிழையான இன்வொய்ஸ், பற்றுச்சீட்டு, பஸ் டிக்கெட் இரண்டு, எட்டு மின்னஞ்சல்கள் எல்லாவற்றின் பிரதிகளையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் செமஸ்டர் அனுசரணை மாணவி,
யாழ்ப்பாணம்