இயற்பியல் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரப் பள்ளிகளில் பணியாற்றும் நாம், பல சோதனைகளை மேலோட்டமாகச் செய்துகாட்டுவதை விடுத்து, விசையும் நிறையும் முடுக்கத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்ற ஒன்றையே மாணவர்கள் தம் கையால் அளந்தறியும்படி செய்வதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே இயக்க விதிகள் என்பதால், ஆண்டின் தொடக்கத்திலேயே பணியைத் தொடங்க முடிந்தது.

பலகை, கப்பி, நூல், தள்ளுவண்டி, எடைக்கற்கள் ஆகியவையே போதுமானவை; வண்டியில் கட்டிய நூல் பலகையின் முனையிலுள்ள கப்பியின் மேல் சென்று, மறுமுனையில் தொங்கும் எடைக்கல் வண்டியை இழுக்கும். எனினும், தட்டிவிட்ட வண்டி சீரான வேகத்தில் ஓடும் அளவுக்குப் பலகையின் ஒரு முனையை உயர்த்தி உராய்வை ஈடுசெய்யாமல் எடுத்த அளவுகளை நாம் ஏற்கவில்லை.

பெரும் குழப்பம் வேறிடத்தில் இருந்தது. வண்டியும் தொங்கும் எடையும் சேர்ந்து 1 கிலோகிராம், தொங்குவது 100 கிராம் எனில், முடுக்கம் 0.98 மீ/வி². விசையை இரட்டிப்பாக்க வெளியிலிருந்து 100 கிராம் கல்லை எடுத்துத் தொங்கவிட்ட மாணவர்கள், 1.96-ஐ எதிர்பார்த்து, 1.78-ஐ ஒட்டிய விடையையே பெற்றுத் திகைத்தனர். தொங்கும் கல்லும் சேர்ந்தே நகர்வதால் மொத்த நிறை 1.1 கிலோகிராமாகிவிட்டது என்பதை அவர்களே கண்டறிந்து, வண்டியில் இருந்த கல்லையே நூலுக்கு மாற்றி மீண்டும் அளந்தபோது கணக்கு பொருந்தியது. இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த நிறைவளித்தது அந்த வகுப்புதான்.

ஒரு மீட்டர் தொலைவைக் கடக்க 1.43 வினாடியே ஆவதால், நிறுத்துக் கடிகாரத்தில் 0.1 வினாடி குறைவாகப் பதிந்தாலும் 0.98 என்பது 1.13 ஆகிவிடும். ஆகவே கைப்பேசியில் நொடிக்கு 30 படங்களாகப் பதிவுசெய்து காலத்தைக் கணக்கிட்டோம். தொங்கும் எடையை மாற்றாமல் மொத்த நிறையை 2 கிலோகிராமாக்கியபோது முடுக்கம் பாதியானது.

கரையில் வள்ளம் தள்ளுவதும் இதே விதிக்கு உட்பட்டதுதானே என்று குளச்சல் பகுதி மாணவர் ஒருவர் கேட்டார். உட்பட்டதுதான், ஆனால் மணலின் உராய்வு மிகுதியாக இருப்பதால், நிறையின் பங்கைத் தனியே காட்ட அது தக்க எடுத்துக்காட்டன்று என்பது என் கருத்து.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். உராய்வு மிகக் குறைந்த கப்பிகளை வரும் ஆண்டில் கூடுதலாக வாங்க ஒப்புதல் கோரி இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயலாளர்