கடைசிப் படகில் வருகிறவனுக்கு

மண்டபம்
மே 2026, ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாடியேறிப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

போன வாரம் நீ போனில், "அடுத்த மாசம் எங்க கிளப்புல நாப்பது பேர் சேர்ந்து கயாக்ல துடுப்புப் போட்டுக் கடல்ல போறோம்மா, என்னையக் கடைசிப் படகா வரச் சொல்லியிருக்காங்க" என்றாய். நான் "சரிப்பா, பார்த்துப் போ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு அது என்னவோ போல் இருந்திருக்கும். கனடாவில், ஹாலிஃபாக்ஸில் அத்தனை பேருக்குப் பின்னால் காவலாகத் தன் பிள்ளை போகிறான் என்றால் எந்த அம்மாவும் பத்துக் கேள்வி கேட்பாள். எனக்குக் கேள்வியே வரவில்லை. பன்னிரண்டு வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்று தொண்டையில் வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு நடந்ததிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு அது வரும்.

இன்று நம் பழைய கயாக் கூட்டம் சேர்ந்தது. அந்தக் காலத்து இருபத்தேழு பேரில் பதினோரு பேர் வந்தார்கள். வடகடல் கரையில் அந்தப் பூவரச மரத்தடிதான் இடம், உனக்குத் தெரியும். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கயிறு கட்டி வரிசையாக நிற்கின்றன. கீழக்கரை பாய் வீட்டிலிருந்து தொதல் கொண்டுவந்தார். உச்சிப்புளி அண்ணன் ஒரு கூடை நுங்கு. டீச்சர் அக்கா முரல் வறுத்து எடுத்து வந்திருந்தார். அக்காவுக்கு இப்போது தோள்பட்டை தூக்க முடியவில்லை, ஆனாலும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கும் போட்டுக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.

முதலில் கொஞ்ச நேரம் பாம்பன் பாலத்தைப் பற்றிப் பேச்சு. போன வருடம் ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில், கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே மேலே எழும்புகிறது. அதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. இருந்தாலும் 1914இல் கட்டிய பழைய பாலம் இரண்டு பக்கமும் கை தூக்கிய மாதிரித் திறந்த அழகு அதற்கு இல்லை என்று பாய் ஒரே பிடிவாதம். அப்புறம் பேச்சு தானாக நம்முடைய பெரிய பயணங்களுக்கு வந்துவிட்டது.

இருபத்தேழு கயாக் ஒன்றாகக் கடலில் இறங்குவதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், ஆனால் அதற்குப் பின்னால் இருந்த யோசனை உனக்கு முழுக்கத் தெரிந்திருக்காது. வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் படுத்திருக்கும். மே, ஜூனில் தெற்கேயிருந்து சோழகக் காற்று கிளம்பினால் அப்படியே தலைகீழ். தனுஷ்கோடியில் ஒரு பக்கத்தைப் பெண்கடல் என்றும் மறுபக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்கிறார்களே, வருடத்தில் பாதி நாள் அந்தப் பெயர்கள் இடம் மாறிவிடும் என்பது கயாக்கில் போனவனுக்குத்தான் தெரியும். பெரிய கூட்டமாகப் போவதை நாங்கள் மே மாதத்தில் வடகடலில் வைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடம் லீவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குள் போகாது. வத்தை, வள்ளம் மாதிரிச் சின்னப் படகுகள் மட்டும் போகும், அவர்கள் நம்மைப் பார்த்து வழி விட்டுப் போவார்கள். மரைன் போலீசில் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டுத்தான் படகை இறக்குவோம். தென்கடல் பக்கம் போகிற மாதங்களில் தீவுகளைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவும் 1986லிருந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது.

இன்று எல்லோரும் அதிகம் பேசியது படகு கோப்பதைப் பற்றித்தான். நினைவிருக்கிறதா? ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று, பூக் கோக்கிற மாதிரி ஒரு படகை அடுத்த படகோடு ஒட்டி, பக்கத்துப் படகின் கயிற்றைப் பிடித்துக்கொள்வோம். இருபத்தேழு படகும் ஒட்டிவிட்டால் கடல் மேல் தரை போட்ட மாதிரி ஆகிவிடும். எவ்வளவு ஆட்டினாலும் கவிழாது. ஒரு ஓரத்திலிருந்து கடலைமிட்டாய் டப்பா கிளம்பும், கைமாறிக் கைமாறி மறு ஓரத்துக்கு வருவதற்குள் காலியாகிவிடும். யாராவது விழுந்து விழுந்து சிரித்தால் அந்த ஆட்டம் ஒவ்வொரு படகாகத் தாண்டி என் இடுப்புவரை வந்து சேரும். என்ன விஷயம் என்று தெரியாமலே நானும் சிரிப்பேன். டீச்சர் அக்கா இன்று அதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடற்பசுவைப் பற்றிய சண்டை இன்றும் வந்தது. முன்னால் போன நாலு பேர் ஒருமுறை புல் படுகை மேலே அதன் மூக்கைப் பார்த்தார்களாம். பின்னால் வந்த யாரும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. கடைசிப் படகில் வருகிறவளுக்கு அதெல்லாம் கிடையவே கிடையாது. இருபத்தாறு துடுப்பு கலக்கிவிட்டுப் போன தண்ணீரில் ஆமைகூட நிற்காது. எனக்குத் தெரிந்தது முதுகுகள்தான். யாருடைய இடது தோள் முதலில் தளரும், யார் களைத்தால் துடுப்பைத் தண்ணீரில் ஆழமாக விடுவார்கள், யார் பயந்தால் பேச்சை நிறுத்துவார்கள், எல்லாம் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது தம்பி. உனக்கும் பிடிக்கும்.

இனி 2014 மே. உனக்குப் பதின்மூன்று வயது.

அரியமானில் விடியும் முன்பே இறங்கி, கரையோரமாகவே மண்டபம் வருவதாகத் திட்டம். ஒன்பது மணிக்குமேல் சோழகம் ஏறியது. வடகரையில் அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கும். அலையே இருக்காது, தண்ணீர் தட்டில் வைத்த மாதிரி இருக்கும், புதிதாக வந்தவர்கள் நல்ல கடல் என்று நினைத்துக்கொள்வார்கள். துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், கரையில் இருக்கிற பனைமரம் கடுகாகிவிடும்.

முனைக்காடு தாண்டுகிற இடத்தில் படகு கோத்தோம். உச்சிப்புளி அண்ணன் எண்ணச் சொன்னார். ஒவ்வொருவரும் அவரவர் எண்ணைக் கத்த வேண்டும், அதுதான் வழக்கம். பதினைந்து, பதினாறு. "பதினேழு" என்று பாய் கத்தினார். அதற்கு அடுத்து ஒன்றும் வரவில்லை. டீச்சர் அக்கா பத்தொன்பது. அவர் வாயைத் திறந்தவர் அப்படியே இருந்தார். படகு அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. உன் எண் பதினெட்டு.

நானும் பாயும் திரும்பிப் போனோம். மற்றவர்களைப் பிரிய விடாமல் அண்ணன் அங்கேயே பிடித்து வைத்திருந்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். கடல்பாசி வளர்க்கிற மூங்கில் தெப்பங்கள் மிதக்கிற இடத்தில் நீ இருந்தாய். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி சதுரம், வரிசை வரிசையாக ஒரே மாதிரி. அதில் ஒன்றின் நங்கூரக் கயிறு உன் படகின் சுக்கானில் சுற்றியிருந்தது. நீ மூங்கிலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருந்தாய். மூங்கிலில் ஒட்டியிருந்த சிப்பி உள்ளங்கையைக் கீறி ரத்தம் வந்து, உப்புத் தண்ணீரில் வெளுத்துப் போயிருந்தது. விசில் ஊதி ஊதி உன் உதடு வீங்கியிருந்தது. காற்று அந்தச் சத்தத்தை வடக்கே கடலுக்குள் கொண்டுபோனது, கிழக்கே இருந்த எங்கள் காதுக்கு வரவே இல்லை. கிட்டே வரும்போதுதான் கேட்டது, நீ விசிலை விட்டுவிட்டு "பதினெட்டு, பதினெட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

பாசியை வேடிக்கை பார்க்க நின்றதால் பையன் பின்தங்கிவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் அப்பா, "கூட்டத்தோட போகத் தெரியாதவனுக்குக் கடல் எதுக்கு" என்று திட்டினார். நீ பதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் படகைத் தொடவில்லை.

அன்றைக்குக் கடைசிப் படகு நான்தான் தம்பி. நீ பின்தங்கியிருந்தால் எனக்கு முன்னால்தான் இருந்திருக்க வேண்டும். நான் பின்னால் இல்லை. மதுரையிலிருந்து புதிதாக வந்த ஒரு காலேஜ் பெண் நடுவில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை, பத்துப் பதினைந்து படகைத் தாண்டி முன்னால் போய் அவள் படகைப் பிடித்துக்கொண்டேன். போகும்போது யாரிடமும் சொல்லவில்லை. அரை மணி நேரம் கூட்டத்துக்குக் கடைசியில் ஆளே இல்லை. நீ சிக்கி நின்றதைத் தாண்டிப் போனவர்கள் உன்னைப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் அம்மா வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லோரும் உன்மேல் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா திட்டியபோதும் திறக்கவில்லை. முதலில் வெட்கம். அப்புறம் நாளாகிவிட்டது, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன். இன்று மரத்தடியில் யாரோ அந்தப் "பாசி பார்த்த பையன்" கதையை எடுத்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாய்தான் பேசினார்: "நீங்க என்னையத் தாண்டி முன்னால போனத நான் பாத்தேன்மா. பின்னால யாரையாச்சும் விட்டுட்டுத்தான் வந்திருப்பீங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்." பன்னிரண்டு வருடம் அவர் அதை வைத்திருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். நாளைக்கு உனக்குப் போன் செய்வார் என்று நினைக்கிறேன்.

என்னை மன்னித்துக்கொள் ராசா. அன்றைக்கு நீ செய்தது எல்லாம் சரி. படகைவிட்டு இறங்கவில்லை, தெப்பத்தை விடவில்லை, விசிலை நிறுத்தவில்லை. பெரியவர்கள் பலருக்கு அந்த நிதானம் வராது.

விசிலும் துடுப்புச் சைகையும் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை மட்டும் கேட்டுக்கொள். கடைசிப் படகுக்காரனுக்கு முன்னால் போகக் காரணம் வந்துகொண்டே இருக்கும், எல்லாம் நல்ல காரணமாகவே இருக்கும். போயே ஆக வேண்டும் என்றால் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இனி நீதான் கடைசி" என்று சொல்லி, அவன் வாயால் அதைத் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுப் போ. நாற்பது பேரை ஒரே கூட்டமாக விடாதே. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்துக்கும் பழகின ஒருவனைப் போடச் சொல். கிளம்பும்போதும், நிற்கிற ஒவ்வொரு இடத்திலும், திரும்பக் கிளம்பும்போதும் எண்ண வேண்டும். தலையைக் கண்ணால் எண்ணினால் தப்பு வரும், அவரவர் குரலில் எண் வர வேண்டும். இங்கே தண்ணீர் வெதுவெதுப்பு, நீ மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தாய். உங்கள் ஊர்க் கடலில் ஜூனில்கூட விழுந்தவனுக்கு விரல் சீக்கிரம் விறைத்துவிடும், விசிலைப் பிடிக்கவே முடியாது. எனக்குப் பயம் அதுதான்.

உன் படகு கொல்லைப்புறத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சுக்கானை அப்போதே கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். இன்று எடுத்துப் பார்த்தேன், கயிறு அறுத்த தடம் அப்படியே இருக்கிறது. நீ வரும்போது சேர்ந்து மாட்டலாம். அடுத்த மே மாதம் பதினோரு பேரும் ஒருமுறை இறங்குவது என்று முடிவாகியிருக்கிறது, அக்கா மட்டும் இரட்டைப் படகில் முன்னால் உட்கார்ந்து வருவார். பதினெட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார்.

கரையேறியதும் எனக்குப் போன் போடு. இங்கே நடுராத்திரியாக இருக்கும், பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பேன். எத்தனை பேர் இறங்கினீர்கள், எத்தனை பேர் ஏறினீர்கள், இரண்டையும் சொல்.

அன்புடன்,
அம்மா