எல்.கே.ஜி. இடம் யாருக்கு? எழுதி ஒட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் கத்தோலிக்க நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. விண்ணப்பம் தருகிறார்கள் என்றால், எல்லா மதத்தவரும் வந்து வரிசையில் நிற்பார்கள். கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு முன்னுரிமை தருவதில் தவறில்லை. அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்த உரிமை அது. நானும் பங்கு மக்களில், அதாவது இந்தப் பகுதி தேவாலயத்தைச் சேர்ந்தவர்களில், ஒருத்திதான்.

ஆனால் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டும் போதவில்லை. தேவாலயப் பாதிரியாரான பங்குத்தந்தையின் கடிதமும் கேட்கிறார்கள். கடிதத்துக்குப் போனால், கோயில் சந்தா பாக்கியைக் கட்டிவிட்டு வா என்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்தில் விசைப்படகுத் தொழிலாளி பணத்துக்கு எங்கே போவார்?

அப்புறம் நேர்காணல். மீன் விற்கும் என் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "அப்பா என்ன படித்திருக்கிறார், வீட்டில் ஆங்கிலம் பேசுவீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். மடியில் இருந்த குழந்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டியலில் பெயர் வரவில்லை, காரணமும் சொல்லவில்லை.

குழந்தையையோ பெற்றோரையோ இப்படி வடிகட்டக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, சட்டம் வேண்டாம். பங்குப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், அண்ணன் அக்கா படிப்பவர்களுக்கு எத்தனை, மற்றவர்களுக்கு எத்தனை என்று விண்ணப்பம் தரும் நாளிலேயே பலகையில் ஒட்டட்டும். மிச்ச இடங்களுக்குப் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் போடட்டும். சந்தா பாக்கியைக் குழந்தையின் படிப்போடு முடிச்சுப் போட வேண்டாம் என்று, பங்குகளை நிர்வகிக்கும் மறைமாவட்டம் வரும் சேர்க்கைக்கு முன்பே பள்ளிகளுக்குச் சொல்ல வேண்டும்.

- ஒரு தாய், காசிமேடு, சென்னை